என் தம்பியிடம் பேசுவது எப்படி

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் படிக்கும்போது வந்தது. இப்போது மாத்திரையின் துணையில் ஓரளவு நன்றாக இருக்கிறான். கும்பகோணத்தில் என்னோடுதான் வாசம். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். வந்தபின் அவனிடம் எப்படிப் பழகுவது என்றுதான் விழிக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அவனிடமே கேளுங்கள். விசேஷ வீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், "தம்பி காபி குடிப்பானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். அவன் பதில் சொல்லச் சற்று நேரமாகும். பொறுத்திருங்கள். நடுவில் நான் முந்திக்கொண்டால் என்னை அடக்குங்கள். மாத்திரையால் கை நடுங்கும். டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பாமல் கொடுங்கள், நடுக்கத்தையே உற்றுப் பார்க்காதீர்கள்.

"இவ்வளவு மாத்திரை உடம்புக்கு ஆகாது, மெல்ல நிறுத்திவிடு" என்று தயவுசெய்து அவன் காதில் ஓதாதீர்கள். நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் ஆபத்து அதிகம். உடம்பு பெருப்பதையும் பகல் தூக்கத்தையும் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்கிறோம்.

சில நாள் யாரோ பேசுவது கேட்கிறது என்பான். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று வாதாடவும் வேண்டாம், "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது. பயமாக இருக்கிறதா?" என்றால் போதும். அடித்துவிடுவானோ என்று குழந்தைகளை இழுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை. அடி வாங்குகிறவர்களே அதிகம்.

கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்கிற அத்தைமார்களுக்கு: கல்யாணம் மருந்து அல்ல, வருகிற பெண் நர்ஸும் அல்ல. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, "தம்பியைக் கொஞ்ச நேரம் மாடியில் இருக்கச் சொல்லேன்" என்றார்கள். கூடத்தில்தான் உட்கார வைத்தேன்.

சாமி கும்பிடுங்கள், விபூதி கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்தை விட்டுவிட்டு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா இருக்கிற ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களும் குடும்பத்தார்தான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

உங்கள் வீட்டிலேயே ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், தனக்குத் தானே பேசத் தொடங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மூடி வைக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பேச விஷயம் கிடைக்கவில்லையா? என் தம்பி மிக்ஸி பழுது பார்ப்பவன். ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் ஏன் அடிக்கடி தேய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கால் மணி நேரம் விடமாட்டான். மிக்ஸியையே கொண்டுவந்தால் கூலியை அவன் கையில் கொடுங்கள். பாவம் என்று கூட்டியும் வேண்டாம், சொந்தக்காரன்தானே என்று குறைத்தும் வேண்டாம். கப்ளர் காசு தனி.