கேம் கியரின் பூஜ்யக் கோட்டை நம்பாதீர்கள்

வாளையாறு எல்லைக்கு இப்பால் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் பட்டறைக்குக் கோவையிலிருந்து மட்டுமன்றி, பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்தும் இளைஞர்கள் வண்டி கொண்டுவருகிறார்கள். வால்வுகள் திறக்கும் நேரத்தைச் சற்று முன்பின் நகர்த்த உதவும் அட்ஜஸ்டபிள் கேம் கியரைத் தாமே பூட்டிவிட்டு, "வண்டி முன்னைவிட மந்தமாக இருக்கிறது" என்று வருபவர்கள் அவர்களில் பலர். நான் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்கள் செய்து வருவதைப் பார்த்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். பெல்ட்டில் ஒரு பல் தவறுவதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. 40 பல் கியரில் ஒரு பல் தவறினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கணக்கில் 18 டிகிரி விலகும். ஸ்டார்ட் செய்த உடனே என்ஜினே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பூஜ்யத்தில் வைத்துவிட்டேன் என்று திருப்தியடைவது

சென்ற மழைக்காலத்தில் சித்தூரிலிருந்து ஒரு தம்பி 1.6 லிட்டர், இரட்டை கேம், 16 வால்வு என்ஜினுடன் வந்தார். இரண்டு கியர்களும் பூஜ்யக் கோட்டில் இருந்தன. பெல்ட் குறிகளும் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தன. "அண்ணா, மார்க் எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று அவர் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்ததை மறைக்க மாட்டேன். அந்த எரிச்சல் அவர்மேல் வந்ததன்று. கோட்டைப் பார்த்துத் திருப்தியடையும் அந்தப் பழக்கத்தின்மேல் வந்தது.

கியரில் உள்ள பூஜ்யம், அதைச் செய்தவர் தம் மேசையில் பொறித்த கோடு. உங்கள் ஹெட் (என்ஜினின் மேல்பாகம்) எத்தனை முறை லேத்தில் ஃபேஸிங் போட்டு மட்டமாகச் சீவப்பட்டது என்பதோ, கேம் ஷாஃப்ட்டை மறுபடி தீட்டியவர் வால்வைத் தள்ளும் புடைப்பான லோப்பை எங்கே விட்டார் என்பதோ அந்தக் கோட்டுக்குத் தெரியாது. ஹெட் இறங்கினால் கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையிலான தூரம் குறைகிறது. மிஞ்சும் பெல்ட்டை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கேம் பின்தங்கி, ரிடார்ட் ஆகிவிடுகிறது. 100 மி.மீ. விட்டமுள்ள கியரில், ஹெட்டில் 1 மி.மீ. சீவினால் கேம் ஏறத்தாழ 1.15 டிகிரி, கிராங்க் கணக்கில் 2.3 டிகிரி பின்தங்கும். குறிகள் அப்போதும் கண்ணுக்குப் பொருந்தியே தெரியும்.

ஆகவே அளக்கத்தான் வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கில் டிகிரி வீலை (டிகிரிக் கோடுகள் பொறித்த வட்டத் தகடு) மாட்டி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுக்கும் ஸ்டாப்பரை முடுக்கி, உண்மையான டிடிசியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி) முதலில் கண்டுபிடியுங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது, 85 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள என்ஜினில் உச்சியிலிருந்து 5 டிகிரி திருப்பினாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை. ஒரு பக்கம் திருப்பி ஸ்டாப்பரில் மெதுவாகத் தட்டும்வரை கொண்டுசென்றபோது 36, மறுபக்கம் 30 என்று வீல் காட்டினால், இரண்டும் 33 ஆகும்படி முள்ளை 3 டிகிரி நகர்த்த வேண்டும். பிறகு ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு, டயல் கேஜின் முனையை இன்டேக் வால்வின் ரிடெய்னரில் (ஸ்பிரிங்கின் மேல் தொப்பி), வால்வு நகரும் கோட்டிலேயே வைத்து, முழு லிஃப்ட்டுக்கு (வால்வு முழுதாகத் திறக்கும் தூரம்) 1 மி.மீ. குறைவான புள்ளியை ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். சித்தூர் வண்டியில் டிடிசிக்குப் பின் 88, 144 என்று வந்தன, நடு 116. வால்வு முழுதாகத் திறக்கும் இடம் அதுதான். கேம் தந்தவரின் தாளில் இருந்ததோ 110. பூஜ்யத்தில் இருப்பதாக அவர் நம்பிய கேம் 6 டிகிரி பின்தங்கி நின்றது. அடி இழுவை காணாமற்போனதற்கு அதுவே காரணம்.

இங்கேதான் இரண்டாவது பள்ளம் இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று. சில கியர்களில் கோடுகள் கேம் டிகிரியிலும், சிலவற்றில் கிராங்க் டிகிரியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 6 டிகிரி திருத்த வேண்டுமென்றால் கேம் டிகிரிக் கோட்டில் 3 தான் நகர்த்த வேண்டும். நகர்த்தியபின் மறுபடியும் வீலில் அளந்து 110 வந்ததா என்று பார்த்தால், கோடு எந்தக் கணக்கு என்ற கேள்வியே எழாது.

நான் அப்படிப் பார்க்கவில்லை. செட்டிபாளையத்தில் கரி என்ற பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காக என் சொந்த வண்டியைத் தயார் செய்த ஆண்டில், இரண்டு முறை ஃபேஸிங் கண்ட ஹெட்டைப் பூட்டி, இன்டேக் கேமை 4 டிகிரி அட்வான்ஸ், அதாவது முன்னே தள்ளி, வைத்தேன். அது கேம் டிகிரி என்பதால் கிராங்கில் 8 ஆனது. இன்டேக்கை முன்னே தள்ளத் தள்ள, டிடிசி கடந்து இறங்கத் தொடங்கும் பிஸ்டனுக்கும் திறந்துகொண்டிருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குறையும். ஹெட் சீவியதில் அந்த இடைவெளி முன்பே குறைந்திருந்தது. டிராக்கில் மூன்றாவது சுற்றில் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தபோது நான்கு பிஸ்டன் தலைகளிலும் கரிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு பிறைநிலா வடிவில் பளபளவென்று தழும்புகள் இருந்தன. மூன்று வால்வுகள் வளைந்திருந்தன. ஒரு உருண்டை களிமண்ணைப் பிஸ்டன்மேல் ஒட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, நசுங்கிய களிமண்ணை வெட்டி அளந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. என்பதைக் குறைந்தபட்சமாக இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். எக்ஸாஸ்ட்டை ரிடார்ட் செய்யும்போதும் இதே ஆபத்து, டிடிசிக்கு முன்பக்கத்தில், உண்டு.

டிஸ்ட்ரிபியூட்டரை மறப்பது

கேமின் முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி) ஓடும் பழைய என்ஜின்களில், கேமை 2 டிகிரி நகர்த்தினால் இக்னிஷன் டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) கிராங்க் கணக்கில் 4 டிகிரி கூடவே நகரும். கேமை அட்வான்ஸ் செய்ததும் வண்டி துள்ளுகிறது என்று மகிழ்ந்த ஒருவரின் என்ஜினில், பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தபோது, துள்ளலில் பெரும்பகுதி இக்னிஷனால் வந்தது தெரிந்தது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் அப்படியே ஏறியிருந்தால் நாக்கிங் (எரிபொருள் தானாக வெடித்துத் தட்டுவது) எடுத்து பிஸ்டன் போயிருக்கும். கேமை அசைத்த ஒவ்வொரு முறையும் டைமிங் லைட்டை எடுங்கள்.

ஒற்றை கேமில் ஓவர்லேப்பைத் தேடுவது

இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே ஓவர்லேப். அதைக் கூட்டவோ குறைக்கவோ இங்கே வழி கிடைக்காது. ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு வகை லோப்புகளும் இருப்பதால் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்தே நகரும்.

பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கியரின் நடு போல்ட்டைத் திருகுவது

கேம் ஷாஃப்ட்டில் அறுகோணப் பிடி இருந்தால் ஸ்பானரை அங்கே போடுங்கள். இல்லையென்றால் கியரைப் பிடிக்கும் கருவி வாங்குங்கள். பெல்ட் அதற்கானது அன்று.

பூட்டு போல்ட்டுகள்

கியரின் இரண்டு பாகங்களும் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொள்கின்றன. அந்த முகங்களில் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இருக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச்சில், கியரைச் செய்தவர் சொன்ன அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். சின்ன போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்கி மரை அறுத்தவர்களையும், போதாமல் விட்டுக் கேம் வழுக்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதல் சுற்றை ஸ்டார்ட்டரிடம் விடுவது

கூடாது. பிளக் இல்லாமல், ஓடும் திசையிலேயே, கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கடினமாகத் தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

சித்தூர் வண்டியை அன்று மாலை 110-க்குக் கொண்டுவந்து, களிமண்ணில் 2.6 மி.மீ. அளந்து, அந்தத் தம்பியையே டயல் கேஜைப் படிக்கச் சொன்னேன். மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அதே எண் வந்த பிறகே பெல்ட் கவரை மூடவிட்டேன்.