குழந்தைகளுடன் ஒகேனக்கல் செல்வோருக்கு

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர்தான் என்றாலும், பென்னாகரத்தைத் தாண்டியபின் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் சிறு குழந்தைகளுக்குக் குமட்டல் வரக்கூடும் என்பதால், புறப்படும்போது வயிறு நிறைய ஊட்டாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வளைவுகளில் கைபேசியைக் கொடுக்காமல், சன்னலைச் சற்றுத் திறந்து தொலைவில் தெரியும் மலைகளைக் காட்டிக்கொண்டே வாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பலன் தந்தது. தின்பண்டங்களைக் குரங்குகள் பறித்துவிடும் என்பதால் அவற்றை வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். காவிரியில் நீர்வரத்து மிகும்போது பரிசல் சவாரிக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதுண்டு. ஆகவே அன்று காலை நிலவரத்தை அறிந்த பிறகே குழந்தைகளிடம் பரிசலைப் பற்றிப் பேசுங்கள். ஏறும்முன் அவர்கள் உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள்.