செங்குத்தா எடுத்த மலை போட்டோவ ஏஐ வச்சு அகலமாக்குறது எப்படி

குன்னூர், கோத்தகிரி பக்கம் வர்றவங்க எடுக்குற போட்டோ முக்காவாசி செங்குத்தா தான் இருக்கும், ஏன்னா எடுக்குறதே ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் தானே. அப்புறமா யூட்யூப் தம்ப்நெயிலுக்கு, ஹோம்ஸ்டே பேனருக்கு, கல்யாண ஆல்பத்துக்குன்னு படுக்கையா கேப்பாங்க, அப்ப தான் ரெண்டு பக்கமும் இடம் பத்தலைன்னு தெரியும். இப்ப அந்த இடத்த ஏஐ வரைஞ்சு குடுக்குது. ஆனா எத வரைய விடணும் எத விடக்கூடாதுன்னு மலைய பாத்தவங்களுக்கு தான் தெரியும், டூலுக்கு தெரியாது.

டூல் விஷயத்த சட்டுன்னு சொல்லிடுறேன். ஃபோட்டோஷாப்ல 2023ல வந்த ஜெனரேடிவ் எக்ஸ்பாண்ட் இருக்கு, படத்துக்கு வெளிய இருக்குற இடத்த ஏஐ வரைஞ்சு நிரப்புற வசதி. க்ராப் டூல எடுத்து ஃப்ரேம படத்துக்கு வெளிய இழுங்க, மேல ஃபில் ஆப்ஷன்ல ஜெனரேடிவ் எக்ஸ்பாண்ட் வச்சு, டெக்ஸ்ட் பாக்ஸ காலியாவே விட்டு ஜெனரேட் குடுங்க, மூணு வேரியேஷன் வரும். புதுசா வரைஞ்சது தனி லேயர்ல, அதாவது மேல வச்ச தனி அடுக்குல உக்காரும், ஒரிஜினல் அப்படியே கீழ இருக்கும். போன்லயேன்னா சாம்சங் எஸ்24ல இருந்து ஜெனரேடிவ் எடிட் இருக்கு, கூகுள் ஃபோட்டோஸ்ல மேஜிக் எடிட்டர் இருக்கு. இது எல்லாத்துக்கும் நெட் வேணும், வேலை நடக்குறது அவங்க சர்வர்ல, அதனால பர்லியாறு கொண்டை ஊசி வளைவுல நின்னுக்கிட்டு முயற்சி பண்ணாதீங்க, சிக்னல் கிடைக்குற எடத்துக்கு வந்து பண்ணுங்க.

முதல்ல கணக்கு. 12 மெகாபிக்சல் போன் போட்டோ செங்குத்தா இருந்தா 3000 அகலம், 4000 உயரம். அத அப்படியே 16:9, அதாவது யூட்யூப் மாதிரி படுக்கை அளவு ஆக்கணும்னா அகலம் 7100க்கு மேல போகும், அதாவது படத்துல பாதிக்கு மேல ஏஐ வரைஞ்சது, அது உங்க போட்டோவே இல்ல. அதே படத்துல மேல இருக்குற வெத்து வானத்தையும் கீழ இருக்குற ரோட்டையும் வெட்டி உயரத்த 2400க்கு கொண்டு வந்தா அகலம் 4267 போதும், புதுசா வேண்டியது 1267 தான், சுமார் 30 சதவீதம். முதல்ல வெட்டு, அப்புறம் இழு. இந்த ஒண்ண பண்ணினாலே பாதி பிரச்சனை காணாம போயிடும்.

அடுத்து சாய்வு. இழுக்குறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடணும், இல்லன்னா ஏஐ அந்த சாய்வையே நம்பி பக்கத்துல இருக்குறதையும் சாய்ச்சு வரையும். சமவெளில கடல் இருக்கு, வயல் இருக்கு, எது மட்டம்னு கண்ணுக்கு தெரியும். இங்க எதுவுமே மட்டம் கிடையாது. தேயிலை சரிவ வச்சு நேராக்க கூடாது, ரோட்ட வச்சும் கூடாது. பெரிய ஏமாத்து மலை ரயில் தண்டவாளம், பாக்க நேரா கிடக்குற மாதிரி தெரியும், ஆனா கல்லாறு குன்னூர் நடுவுல 12க்கு 1ன்னு ஏத்தம், கிட்டத்தட்ட 5 டிகிரி. அத மட்டமாக்கினீங்கன்னா மரம், கம்பம், ஆளு எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். செங்குத்தா இருக்குறத பிடிங்க: சில்வர் ஓக் மரம், கரண்ட் கம்பம், கட்டிட மூலை. லென்ஸ் ஓரத்துல இருக்குற மரம் சாஞ்சு தெரியலாம், அதனால ஃப்ரேம் நடுவுல நிக்குறத பாருங்க.

இப்ப மெயின் மேட்டர். மூடுபனி, வானம், புல்வெளி, தூரத்து ஷோலைக்காடு, இதெல்லாம் ஏஐகிட்ட தாராளமா விடலாம். லாம்ப்ஸ் ராக்ல நின்னு எடுத்த படத்துல வலது பக்கம் மூடுபனி இருந்தா இன்னும் எவ்வளவு வேணா இழுங்க, யாருக்கும் தெரியாது. கொடைக்கானல் தூண் பாறைலயும் பாறைய தொடாம பனி பக்கம் மட்டும் இழுத்தா அழகா வரும். ஒரு தொல்லை மட்டும் உண்டு, மலைய பாத்த உடனே பின்னாடி ஒரு பனிச்சிகரத்த நட்டு வச்சிடும், தொட்டபெட்டாவே 2637 மீட்டர் தான், அங்க எங்க இருந்து வரும் இமயமலை. அப்ப டெக்ஸ்ட் பாக்ஸ்ல என்ன வேணும்னு மட்டும் சின்னதா எழுதுங்க, மெல்லிய மூடுபனி, சாம்பல் வானம், அவ்வளவு தான். ஃபோட்டோஷாப்ல "நிரப்பு", "நீட்டு"ன்னு உத்தரவு போடுறதுல பிரயோஜனம் இல்ல, பொருள வர்ணிச்சா தான் கேக்கும்.

தேயிலை தோட்டம் கஷ்டம். செடி சரிவோட வளைஞ்சு போகும், நடுவுல கொழுந்து பறிக்குறவங்க நடக்குற சந்து கோணல் மாணலா ஓடும், மேல வெட்டிவிட்டு மட்டமா இருக்கும். ஏஐ அத முட்டைக்கோஸ் பாத்தி மாதிரி நேர்வரிசைல வரைஞ்சு தள்ளும், நடுவுல சில்வர் ஓக்குக்கு பதிலா தென்னை மரம் கூட வந்து நிக்கும். அதனால தேயிலை இருக்குற பக்கம் ஒரிஜினல அப்படியே வச்சுக்கிட்டு எதிர்பக்கமோ மேலயோ இழுங்க. வேற வழியே இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன பட்டை, பழைய படத்துலயும் கொஞ்சம் சேத்து செலக்ட் பண்ணி இழுங்க, அப்ப தான் ஒட்டு தெரியாது.

ரயில் படம்னா இன்னும் உஷார். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்சக்கரத்துக்கான பல் வச்ச இரும்புப் பட்டை ஓடும், ஏஐக்கு அது தெரியாது, இழுத்த இடத்துல சாதாரண ரெண்டு கம்பி மட்டும் வரும், நடுவுல இருந்த பல்பட்டை திடீர்னு அறுந்து நிக்கும். குன்னூருக்கு மேல வெலிங்டன், கேத்தி, லவ்டேல் பக்கம் அந்த பட்டையே கிடையாது, அங்க எடுத்ததுன்னா பயமில்ல. 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த ரயில், இத தேடித்தேடி பாக்குற ரசிகர் கூட்டம் இருக்கு, முதல் கமெண்ட்லயே பிடிச்சிடுவாங்க. ஸ்டேஷன் போர்டு பாதி வெட்டுப்பட்டிருந்தா அதையும் ஏஐ முடிச்சு குடுக்கும், ஆனா தமிழ் எழுத்துன்னு பாத்தா ஜிலேபி தான் இருக்கும். போர்ட காலியா வரைய சொல்லிட்டு ஃபான்ட் வச்சு நீங்களே டைப் பண்ணுங்க, இல்ல போர்டுக்கு முன்னாடியே ஃப்ரேம வெட்டிடுங்க.

நீலகிரி பழங்குடி தோடர் வீட்டு வளைவு, புத்துக்குளி சால்வைல போடுற சிவப்பு கருப்பு பூவேலை, இதுல எல்லாம் கைய வைக்க விடாதீங்க. அது எண்ணி எண்ணி போடுற தையல், ஏஐ ஏதோ ஒரு டிசைன போட்டு அவங்களோடதுன்னு ஆக்கிடும். எனக்கு இது சும்மா டெக்னிக்கல் தப்பா தெரியல, பாதி பூவேலை ஃப்ரேம்ல வெட்டுப்பட்டாலும் பரவால்லன்னு விட்டுடுவேன்.

ஆள் நடுவுல நின்னு போரடிக்குதா? ஆள தூக்கி நகத்தாதீங்க. மேஜிக் எடிட்டர்ல சுத்தி வட்டம் போட்டு இழுத்தா நகரும் தான், ஆனா நிழல் ஒழுங்கா கூட வராது, சரிவுல கால் தரைய தொடாம மிதக்கும். அதுக்கு பதிலா ஒரு பக்கம் மட்டும் எக்ஸ்பாண்ட் பண்ணி மறுபக்கம் க்ராப் பண்ணுங்க, ஆள் தானா மூணுல ஒரு பங்கு கோட்டுக்கு வந்துடுவாங்க, அவங்க பார்க்குற பக்கம் இடம் விடுங்க. கை, பாதம், சேலை பார்டர் ஃப்ரேம் ஓரத்துல வெட்டுப்பட்டிருந்தா அந்த பக்கம் இழுக்கவே கூடாது, ஆறாவது விரலும் வேற செருப்பும் வரும்.

சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி பேசி வேலை வாங்குற டூலும் இப்ப நல்லா பண்ணுது, தமிழ்ல சொன்னாலும் புரியுது. ஆனா சாட்ஜிபிடி முழு படத்தையும் திரும்ப வரையும், உங்க அம்மா முகம் உங்க அம்மாவோட சித்தி முகம் மாதிரி ஆகும், சைஸும் பெரும்பாலும் ஒரிஜினல விட சின்னதா தான் வரும். அதுக்கு ஒரு வழி, அந்த அவுட்புட்ட ஃபோட்டோஷாப்ல பெருசாக்கி கீழ் லேயரா போட்டு, ஒரிஜினல மேல வச்சு பொருத்தி, ஓரத்த மட்டும் மாஸ்க்ல (படத்த நிஜமா அழிக்காம மறைக்குற வசதி) மென்மையா அழிங்க. முகம், துணி, தேயிலை எல்லாம் ஒரிஜினல், ஓரத்து பனி மட்டும் ஏஐ.

ஷார்ப்னஸும் பாக்கணும். ஃபோட்டோஷாப்ல ஆரம்பத்துல எவ்வளவு பெரிய இடத்த செலக்ட் பண்ணினாலும் 1024 பிக்சல்ல வரைஞ்சு இழுத்து ஒட்டும், அதான் மசமசன்னு இருந்துச்சு. இப்ப முன்னேறிருக்கு, ஆனாலும் ஆயிரம் பிக்சல் பட்டையா பிரிச்சு பண்ணினா தெளிவு கூடும். கடைசில எல்லா லேயருக்கும் மேல லேசா நாய்ஸ், அதாவது பொடிப்பொடி புள்ளி சேருங்க, 2 சதவீதம் மோனோக்ரோம் (கலர் இல்லாத புள்ளி) போதும், புதுசும் பழசும் ஒரே கேமரால எடுத்த மாதிரி ஒண்ணாயிடும்.

ஹோம்ஸ்டே வச்சிருக்குற அண்ணன்மார் அக்காமாருக்கு ஒண்ணு, வானத்த இழுங்க, புல்ல இழுங்க, ஆனா பால்கனில இருந்து தெரியாத பள்ளத்தாக்க சேக்காதீங்க, மே சீசன்ல காசு கட்டி வர்றவங்க வாசல்லயே சண்டை போடுவாங்க. போட்டிக்கு அனுப்புற படத்துல இந்த வேலையே வேணாம், வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ மாதிரி பெரிய போட்டில ஜெனரேடிவ் ஃபில்லுக்கு அனுமதியே இல்ல. ஃபோட்டோஷாப் கம்பெனி அடோபி கன்டென்ட் க்ரெடென்ஷியல்னு ஃபைலுக்குள்ள குறிப்பு வைக்கலாம், கூகுள் சின்த்ஐடின்னு கண்ணுக்கு தெரியாத முத்திரை போடும், சாம்சங் ஓரத்துல வாட்டர்மார்க்கே போடும். அத அழிக்குறதுக்கு மெனக்கெடாம கேப்ஷன்லயே ஏஐல நீட்டினதுன்னு போட்டுடுங்க.

ஆல்பத்துக்குன்னா 12க்கு 36 இன்ச் ஷீட், 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) 10800 பிக்சல் அகலம், நடு மடிப்புல முகம் வரக்கூடாது, ஒட்டு விழுற கோடும் அங்க வரக்கூடாது. பி.எஸ்.டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) ஃபைல லேயரோட சேவ் பண்ணி வச்சுட்டு, பிரிண்ட் போடுற லேப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஓரப்பகுதிய மட்டும் ஒரு சின்ன பேப்பர்ல பிரிண்ட் போட்டு பாருங்க, போன் ஸ்க்ரீன்ல தெரியாத ஒட்டு பிரிண்ட்ல பளிச்சுன்னு தெரியும்.