நாகர் சிலை, புற்று, கோயில் காடு: வழிபடும் முறையும் பராமரிப்பும்

அரசும் வேம்பும் சேர்ந்த மேடையில் நாகர் சிலை, பக்கத்தில் புற்று, அதைச் சுற்றிக் கோயில் காடு. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் முதல் விதி: அபிஷேகம் சிலைக்குத்தான், புற்றுக்கு இல்லை.

புற்று கறையான் கட்டியது. உள்ளே மெல்லிய காற்றுப் பாதைகள் ஓடும். பால் ஊற்றினால் மண் கரைந்து துவாரம் அடைபடும். பால் புளித்து நாறும், எறும்பு மொய்க்கும். பாம்புக்குப் பால் உணவே இல்லை, செரிக்காது. பாம்பாட்டியின் கூடைப் பாம்பு குடிக்கிறதென்றால், தண்ணீர் காட்டாமல் வாட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படிப் பிடித்து வைப்பதே குற்றம், காசு கொடுக்காதீர்கள். புற்றின் அடியில் சிட்டிகை மஞ்சள், குங்குமம், உதிரிப்பூ போதும். துவாரத்துக்குள் பொடி தூவவே கூடாது. முட்டை வைக்கும் வழக்கமிருந்தால் வெளியே வைத்துப் பூசை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஆடி, ஆவணி வளர்பிறைச் சதுர்த்தியும் பஞ்சமியும் உகந்த நாட்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிறு விசேஷம். அங்கே பக்தர்களே நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றுகிறார்கள், கருவறை மண்ணே பிரசாதம்.

இரண்டடிச் சிலைக்கு அரை லிட்டர் பால் தாராளம். முதலில் தண்ணீர், பிறகு இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், அதன் பிசுக்கு போக ஒரு கைப்பிடி பச்சரிசி மாவு தேய்த்துக் கழுவல். அடுத்து மஞ்சள் நீர், பால், இளநீர். கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கட்டாயம். அதை விட்டால் பாம்புப் படத்தின் மடிப்புகளிலும் பின்னிய உடலின் இடுக்குகளிலும் பால் காய்ந்து கறுத்துப் படியும். அப்புறம் அதைக் கம்பியால் சுரண்டுவார்கள், செதுக்கல் மழுங்கும். கற்பூரத்தைச் சிலைமேல் ஏற்றாதீர்கள். சூட்டில் கல் விரியும்.

நைவேத்தியம் துள்ளுமாவு, எள்ளுருண்டை. துள்ளுமாவுக்கு ஒரு கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்துத் துணியில் உலர்த்துங்கள். ஈரம் முழுக்கப் போய்விடக் கூடாது. மாவாக்கி, முக்கால் கப் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் கலக்க வேண்டும். பிடித்தால் நிற்கணும், விரலால் தொட்டால் உதிரணும். அடுப்பு வேண்டாம்.

மேடை கட்டும்போது அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாகவே விடுங்கள். சிமென்ட் பூசினால் வேருக்குத் தண்ணீர் இறங்காது. அரச வேர் ஒருநாள் மேடையைப் பிளந்து சிலையையும் சாய்த்துவிடும். விளக்கை மரத்தை ஒட்டி வைத்தால் பட்டை கருகும். தொட்டில் கட்டுவோரிடம் நைலான் கயிறு வேண்டாம், பருத்தி நூல் போதும் என்று சொல்லுங்கள். நைலான் இற்றுப்போகாது, கிளை பருக்கப் பருக்க இறுக்கும்.

காட்டுக்குள் செருப்பும் அரிவாளும் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள். சருகைக் கூட்டி எரிப்பதுதான் இன்று நடக்கும் பெரிய தவறு. சருகில்தான் தவளையும் ஓணானும் வாழும். அவை போனால் பாம்பு ஊருக்குள் வரும். நாலடி நடைபாதையை மட்டும் பெருக்குங்கள். இருட்டியபின் போகாதீர்கள், போயே ஆகவேண்டுமென்றால் டார்ச் அவசியம். பட்ட மரத்தையும் விட்டுவைத்து, பக்கத்தில் வேம்பு, புங்கன், இலுப்பை, வன்னி நடலாம். சீமைக்கருவேலையும் உன்னிச்செடியையும் மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள்; வெட்டினால் மறுபடி தழைக்கும்.