விஷ்ணுகிரந்தியை இனங்காணும் முறை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியிலுள்ள செம்மண் கரம்புகளிலும், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக்குன்றுகளின் அடிவாரத்திலும், மழைக்குப் பின் தரையோடு தரையாகப் படர்ந்து நீலமாகப் பூத்திருக்கும் சிறு செடியைக் கண்டால், அது விஷ்ணுகிரந்தியா என்று பாருங்கள். காலையிலேயே செல்வது நல்லது. வெயில் ஏறி நண்பகல் ஆனதும் பூ சுருங்கிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கானாம்வாழையும் நீலமாகவே பூக்கும். ஆனால் அதன் இதழ்கள் தனித்தனியாக இருக்கும், இலை நரம்புகள் நெடுக்கே இணையாக ஓடும், ஈரமான இடத்தையே அது பெரும்பாலும் நாடும். விஷ்ணுகிரந்தியின் பூவோ ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள, ஐந்து மடல்கள் அடியில் ஒன்றிணைந்த தட்டையான சிறு வட்டம். ஒரு பூவைக் கைலென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தால், பூவின் நடுவிலிருந்து எழும் மெல்லிய தண்டான சூல்தண்டு இரண்டாகவும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகவும் பிரிந்து, நான்கு மெல்லிய இழைகளாக நிற்பது தெரியும். நான் முடிவாக நம்பும் அடையாளம் இதுவே.

இலையைத் தடவினால் பட்டுப்போன்ற மென்மயிர் விரலில் படும். தண்டு எதன்மீதும் சுற்றி ஏறாது. சங்கபுஷ்பி என்ற பெயரில் இதையும் சங்குப்பூவையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. சங்குப்பூ சுற்றி ஏறும் கொடி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அடையாளம் காண்பதற்காகச் செடியைப் பிடுங்க வேண்டாம். கோடையில் மேற்பகுதி காய்ந்தாலும், கட்டைபோன்ற வேரிலிருந்துதான் அடுத்த மழையில் அது மீண்டும் துளிர்க்கிறது.