வரைபடத்தில் தோன்ற மறுத்த செயற்கைக்கோள் படம்

பிஜியின் மலோலோ தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிடையே சிறு பாய்மரப்படகைச் செலுத்துவதற்காக, ஓப்பன்சிபிஎன் மென்பொருளில் மின்னணுக் கடல் வரைபடத்தின் மேல் செயற்கைக்கோள் படத்தை எம்பிடைல்ஸ் (படத்தைச் சிறு சதுரத் துண்டுகளாகச் சேமிக்கும் வடிவம்) கோப்பாகச் சேர்த்தேன். கோப்பு பிழையின்றி ஏறியும், தீவின் மேல் ஒரு துண்டுப் படம்கூடத் தெரியவில்லை. மென்பொருளை மீண்டும் நிறுவினேன். படங்களை இருமுறை புதிதாக இறக்கினேன். உருப்பெருக்க நிலைகளை மாற்றினேன். மூன்று நாட்கள் வீணாயின.

பிறகு தரவுத்தளக் கோப்புகளின் உள்ளடக்கத்தைக் காட்டும் எஸ்கியூலைட் உலாவியில் கோப்பைத் திறந்தபோது, 15ஆம் உருப்பெருக்க நிலைப் படத்துண்டுகளின் வரிசை எண்கள் 18,031ஐ ஒட்டி இருப்பதைக் கண்டேன். அந்நிலையில் மொத்த வரிசைகள் 32,768. எம்பிடைல்ஸ் முறையில் எண்ணிக்கை தெற்கிலிருந்து தொடங்குவதால், தெற்கு 17.8 பாகையிலுள்ள மலோலோவின் எண், நிலநடுக்கோட்டுக்குரிய பாதி எண்ணான 16,384க்குக் குறைவாகவே இருக்க வேண்டும். இணைய வரைபடங்களோ வடக்கிலிருந்து எண்ணுகின்றன. படங்களைக் கோப்பாக்க நான் பயன்படுத்திய கருவி அந்த வடக்கு எண்களை மாற்றாமல் அப்படியே எழுதியிருந்ததால், என் மலோலோ வடக்கு 17.8 பாகைக்குப் போயிருந்தது.

ஒவ்வொரு நிலையிலும் மிகப்பெரிய வரிசை எண்ணிலிருந்து (15இல் 32,767) பழைய எண்ணைக் கழித்து எழுதும் ஒரே கட்டளையை இயக்கினேன். 18,031 என்பது 14,736 ஆயிற்று, படமும் உரிய இடத்தில் அமர்ந்தது. மேக நிழலும் பாறைபோல் கருத்துத் தெரியும் என்பதால், வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்ட பின்னரே வழியைக் குறித்தேன்.