பழைய புல்லட் ஹெட்டுக்கு வால்வு கைடு மாத்துறது எப்படி

ஆரியங்காவு கணவாயில இருந்து த்ராட்டில மூடிக்கிட்டு கியர்லயே எறங்கி வாறீங்க, புளியரை வந்து ஆக்சிலேட்டர முறுக்கும்போது பின்னால குப்புன்னு நீலப் புகை வந்துச்சுன்னா வால்வு கைடுதான் (ஹெட்டுல வால்வுத் தண்டு ஏறி எறங்குற குழல்) தேஞ்சிருக்குன்னு பாதி முடிவு பண்ணிக்கலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் போர்ட்ல (காத்து உள்ள போற வழி) இழுவை அதிகம், தேஞ்ச இன்டேக் கைடு வழியா மேல உள்ள ஆயில உறிஞ்சிரும். ஏத்தத்துல லோடு இழுக்கையில விடாம புகைஞ்சா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் பாருங்க.

நான் சொல்றது பழைய 346 சிசி இன்ஜின், போர் 70 மி.மீ, ஸ்ட்ரோக் 90 மி.மீ. பேரு இரும்பு இன்ஜின்னாலும் ஹெட் அலுமினியம்தான். எங்க மாமா வண்டி ஹெட்ட செங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில குடுத்தோம், காய்ச்சாத பச்சை ஹெட்டுல சம்மட்டியால அடிச்சு கைடக் கழட்டிட்டாங்க, உள்ள விரல விட்டுப் பாத்தா ஓட்டை நெடுக கீறல். புது கைடு நிக்கவே இல்ல, அப்புறம் லேத்துல ஓவர்சைஸ் கைடு கடைஞ்சுதான் அந்த ஹெட்டக் காப்பாத்துனோம். இன்னைக்கும் அத நெனச்சா மனசு ஆறல.

அதனால மொதல்ல பழைய கைடு ஸ்பிரிங் பக்கம் எவ்வளவு உயரம் நீட்டிக்கிட்டு இருக்குன்னு வெர்னியர்ல எடுத்து எழுதி வச்சிருங்க. எக்ஸாஸ்ட் கைடோட போர்ட் பக்க முனையில கார்பன் கட்டியாப் புடிச்சிருக்கும், அதச் சுத்தமா சுரண்டிட்டுத்தான் கழட்டணும், இல்லன்னா மேல வரும்போது அந்தக் கார்பனே அலுமினியத்தக் கிழிச்சிரும். லேத்துல படி வச்ச டிரிஃப்ட் (கைடத் தட்டுற கம்பி) ஒண்ணு கடைஞ்சுக்கோங்க, ஒல்லி முனை கைடுக்குள்ள நுழையணும், தடிச்ச பாகம் கைடோட வெளி அளவ விட ஒரு நூல் கம்மியா இருக்கணும்.

இனி சூடுதான் முக்கியம். கழட்டவும் சூடு வேணும், மாட்டவும் சூடு வேணும். 16 மி.மீ ஓட்டைன்னு வச்சுக்கோங்க, 150 டிகிரிக்குக் காய்ச்சுனா கிட்டத்தட்ட 0.04 மி.மீ விரியும், ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல கெடந்த இரும்பு கைடு இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஓட்டைய விட கைடு 0.04ல இருந்து 0.05 வரை பெருசா இருந்தா போதும், லேசாத் தட்டுனாலே எறங்கிரும். ஓவன் இல்லன்னா கனமான தோசைக்கல்லுல ஹெட்ட வச்சு மூடி, சின்னத் தீயில அரை மணி நேரம் விடுங்க. கேஸ் டார்ச்ச ஒரே எடத்துல காட்டாதீங்க, ஹெட் கோணிரும். தண்ணி தெளிச்சா சுர்ருன்னு காயணும், முத்து முத்தா உருண்டு ஓடுச்சுன்னா சூடு கூடிப்போச்சு, வால்வு உக்கார்ற சீட் வளையமே லூசாயிரும், எறக்கி வச்சிருங்க. ஆனி ஆடி சாரல் காத்துக்குக் கதவ அடைச்சிட்டு வேலை பாருங்க, ஹெட் சட்டுன்னு ஆறிரும்.

கைடு நேரா எறங்குதான்னு பாத்துக்கிட்டே, எழுதி வச்ச உயரம் வந்ததும் நிறுத்துங்க. பாதியில நின்னுட்டா ஓங்கி அடிக்காதீங்க, மறுபடி காய்ச்சுங்க.

ஹெட் முழுசா ஆறுனதும் வால்வப் போட்டா எறங்காது, பயப்படாதீங்க, ஓட்டை இறுக்குனதுல கைடு உள் அளவு சுருங்கியிருக்கும். ரீமர் (ஓட்டைய அளவுக்குச் சீவுற கருவி) விடணும். மேனுவல் அளவு கையில இருந்தா அதையே எடுத்துக்கோங்க, இல்லன்னா வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் நடுவுல இன்டேக்குக்கு 0.05 மி.மீ, எக்ஸாஸ்ட் ரொம்பச் சூடாகும்ங்கறதால 0.08 வரைக்கும் கேப் விடலாம். காஸ்ட் அயர்ன் கைடுன்னா ரீமருக்கு எண்ணெய் வேண்டாம். வெளிய எடுக்கும்போதும் அதே பக்கமா சுத்தித்தான் எடுக்கணும், திருப்பிச் சுத்துனா முனையும் மழுங்கும் உள்ளயும் கீறும்.

புது கைடு பழைய கைடு நின்ன அதே சென்டர்ல நிக்காது, அதனால சீட் கட்டிங் (சீட்ட புது கைடோட சென்டருக்கு வெட்டுறது) பண்ணாம மாட்டவே கூடாது, கைடுக்குக் காசு செலவழிச்சிட்டு இதுல மிச்சம் புடிக்காதீங்க. அப்புறம் வால்வு பேஸ்ட் போட்டு லேப்பிங் (வால்வ சீட்டோட வச்சுத் தேய்க்கிறது), சீட்ட சுத்தி ஒரே மாதிரி சாம்பல் கலர் வளையம் தெரியணும். பேஸ்ட்ட கைடுக்குள்ள விட்ராதீங்க, மண்ணெண்ணெய்ல ரெண்டு தடவை கழுவி துணிய உருட்டி உள்ள விட்டு இழுத்துப் பாருங்க, கருப்பு ஒட்டுச்சுன்னா மறுபடி கழுவுங்க. ஸ்பிரிங் மாட்டி போர்ட்ல பெட்ரோல் ஊத்தி பத்து நிமிஷம் விடுங்க, வால்வு ஓரத்துல ஈரம் கசியலன்னா ஹெட்ட ஏத்தலாம்.